குறிப்பின் கோலம் யாருக்காக?

மறதி மனித இயல்பு. அதனோடு மனிதன் நடத்திவரும் நெடும் போராட்டத்தில் அவனுக்குக் கிடைத்த எளிய படைக்கலம் குறிப்பெழுதுதல். ஓலை நறுக்கில் கீறினான். சுவரில் கரிக்கோடு இட்டான். பால் கணக்கை நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதினான். இன்று கைப்பேசியில் எழுதுகிறான். கருவி மாறியதே அன்றித் தேவை மாறவில்லை. எனினும் முன்னைய கருவிகள் அவ்வளவாகக் கேட்டிராத ஒரு வினாவை இன்றைய கருவி நம்மைக் கேட்கிறது. எழுதிய குறிப்பு எவ்வாறு தோன்ற வேண்டும்? எந்த நிறத்தில், எந்த எழுத்துருவில், எத்தகைய பின்னணியில்?

கூகிள் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட கீப் என்னும் செயலியில் ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனி வண்ணம் தரலாம். ஆப்பிள் கைப்பேசியின் குறிப்புச் செயலி 2013 வரை கோடிட்ட மஞ்சள் தாளைப் போலவே திரையில் காட்சியளித்தது. அவ்வாண்டில் அந்தப் பொய்த்தாள் நீங்கி வெண்மை வந்தது. 2020-இல் வெளிவந்த அப்சிடியன் என்னும் செயலியோ இவற்றையெல்லாம் கடந்து நிற்கிறது. பயன்படுத்துவோர் சி.எஸ்.எஸ். என்னும் கட்டளை மொழியில் தாமே எழுதி, தலைப்பின் நிறம், வரியின் அகலம், மேற்கோளின் ஓரக்கோடு முதலிய அனைத்தையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு பிறர் செய்துவைத்த தோற்றங்களுள் ஒன்றை எடுத்து அணிந்துகொள்ளவும் செய்யலாம். சட்டை மாற்றுவது போன்றதே இது. மாலைப்பொழுது முழுவதையும் இப்பணியில் செலவிடுவோர் உளர். குறிப்பு மூன்று வரி. அதற்குக் கோலம் மூன்று மணி நேரம்!

இச்செயல் தகுமா, தகாதா என்னும் வினாவிற்கு இரண்டு விடைகள் உடனே எழுகின்றன. பெரியவர்கள் சொல்லும் விடை, இது வெட்டி வேலை என்பது. பொருள்தான் வேண்டும், பூச்சு எதற்கு என்பர். இளையோர் சொல்லும் விடை, என் குறிப்பு என் விருப்பம் என்பது. யாரும் படிக்காத ஏட்டில் நான் எதைத் தீட்டினால் யாருக்கு என்ன என்பர். இரண்டும் எளிய விடைகள். அதனாலேயே இரண்டின்மீதும் நமக்கு ஐயம் தோன்றுகிறது. முன்னது தோற்றம் என்பதை முழுவதும் பூச்சு என்று கொள்கிறது. பின்னது குறிப்பை எழுதியவனைத் தவிர வேறு எவனும் படிக்கப் போவதில்லை என்று கொள்கிறது. இவ்விரண்டு கோள்களும் உண்மைதானா என்று பார்ப்போம்.

குறிப்பேடு என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழ வேண்டிய பெயர் சீனிவாச இராமானுசன். நம்மைப் போன்ற எழுத்தர்க்கு அப்பெயரில் ஒரு தனிப் பற்றும் உண்டு. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்தவர் அல்லரோ அவர்! தாள் விலை மிகுதி என்பதால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார் என்பதை நாம் அறிவோம். அக்குறிப்பேடுகளை 1957-இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டது. புரூசு பெர்ன்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றிலுள்ள முடிவுகளுக்கு நிறுவல் தந்து எழுதிய ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன.

அவ்வேடுகளில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆயினும் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் ஏட்டிலிருந்தவற்றைத் திருத்தியும் விரித்தும் இரண்டாம் ஏட்டில் மீண்டும் எழுதினார். அதில் 21 இயல்களாகப் பொருளை வகுத்தார். சோற்றுக்கு வழி தேடி அலைந்த காலத்தை ஒட்டிய ஆண்டுகளில், அறிந்த முடிவுகளையே மறுபடியும் வரிசைப்படுத்தி எழுதுவதில் ஒருவர் உழைப்பைச் செலவிட்டார் என்றால், அது வெட்டி வேலையா? எது எதன் பின் வர வேண்டும், எது எதனோடு சேரும், எங்கே ஓர் இயல் முடிய வேண்டும் என்று முடிவு செய்வது சிந்தனையே அன்றோ? ஏட்டின் தோற்றத்தில் வெளிப்பட்டது அச்சிந்தனை.

ஆகவே தோற்றம் என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு செயல்கள் மறைந்து கிடக்கின்றன. ஒன்று அமைத்தல், மற்றொன்று அலங்கரித்தல். இன்றைய செயலிகளில் இவ்விரண்டும் ஒரே பட்டியலில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே விரல் தொடுதலுக்குக் காத்திருக்கின்றன. தலைப்பை உடல்வரியிலிருந்து பிரித்துக் காட்டும் பொத்தானுக்கு அருகிலேயே பின்னணியில் தென்னந்தோப்பை வைக்கும் பொத்தானும் உள்ளது. குழப்பம் பிறப்பது இங்கேதான் என்று நாம் கருதுகிறோம். அலங்கரித்துக்கொண்டிருப்பவன் தான் அமைத்துக்கொண்டிருப்பதாகவே எண்ணுகிறான்.

அமைத்தல் எத்துணை அரிய பணி என்பதற்கு நம் ஏட்டுச் சுவடிகளே சான்று. ஓலையில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, பத்தி இல்லை, நிறுத்தக் குறி இல்லை. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதும் அருகியே இருந்தது. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரைக்குள் உரையாசிரியர் எடுத்துக்காட்டும் பிற நூல் அடி எது என்பதெல்லாம் ஒரே ஓட்டமாய் ஓடிக்கொண்டிருக்கும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் பதிப்பித்தபோது, இக்கூட்டத்தைப் பிரித்து இடம் வகுக்க வேண்டியிருந்தது. அவர் விட்ட ஒவ்வோர் இடைவெளியும் ஒரு தீர்ப்பு. இடைவெளி தவறான இடத்தில் விழுந்தால் பொருளும் தவறும். தாளில் வெறும் வெள்ளையாய்த் தெரிகின்ற அந்த இடத்தை நிரப்பியிருப்பது ஒரு மனிதரின் பல்லாண்டுக் கண்ணொளி.

நம் அலுவலகத்திற்கு வருவோம். இதனை வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் கோப்போடு வாழ்ந்தவராய் இருப்பர். ஆதலால் விரித்துரைக்க வேண்டியதில்லை. நடுவண் அரசின் கோப்பில் குறிப்பெழுதப் பச்சைத் தாள். பத்திதோறும் எண். ஓரத்தில் இடம் விட வேண்டும். நீலமோ கறுப்போதான் மை. பச்சை மையும் சிவப்பு மையும் இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளோர்க்கே உரியன, அதுவும் அரிதாக. எழுதுவோன் தன் சுவையைக் காட்ட அங்கே இடமில்லை. இளமையில் அவ்வேலைக்கு வருவோர்க்கு இது சிறையாகத் தோன்றும். ஆனால் அவ்விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை அனைத்தும் வேறு ஒருவரை நோக்கியே நிற்கின்றன. பத்தி எண், அதனைச் சுட்டி விடையெழுதப்போகும் மேலதிகாரிக்காக. ஓரத்து வெற்றிடம் அவர் எழுதப்போகும் சொல்லுக்காக. சீரான கட்டமைப்பு, நாம் ஓய்வுபெற்றுச் சென்ற பின் என்றோ ஒருநாள் அக்கோப்பைப் பதிவறையிலிருந்து எடுக்கப்போகும் முகமறியா எழுத்தருக்காக.

இன்று கோப்புகள் மின்னலுவலகத்திற்கு மாறிவிட்டன. அங்கே ஒரு சுவையான ஏற்பாட்டைக் காண்கிறோம். வரைவு நிலையில் இருக்கும் குறிப்பு மஞ்சள் குறிப்பு. அதனைத் திருத்தலாம், அழிக்கலாம். பச்சைக் குறிப்போ கோப்பு அனுப்பப்பட்ட பின் மாற்ற இயலாதது. இந்நிறங்கள் கண்ணுக்கு விருந்தாக வைக்கப்பட்டவை அல்ல. மஞ்சளில் எழுதும்வரை ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். பச்சையில் அனுப்பியவுடன் அதற்குப் பொறுப்பேற்கிறான். நிறம் இங்கே ஓர் ஒழுக்க எல்லையைக் குறிக்கிறது. கைப்பேசிக் குறிப்புக்கு நாம் தரும் இளஞ்சிவப்பும் ஊதாவும் எதைக் குறிக்கின்றன என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. வாங்க வேண்டியவற்றுக்கு ஒரு நிறம், கட்ட வேண்டிய கட்டணங்களுக்கு ஒரு நிறம் என்று வகுத்துக்கொண்டவர்க்கு மட்டுமே அது பயன்படுகிறது.

இவ்வாறு சொல்வதால் அலுவலக வடிவத்தை நாம் போற்றிப் பாடுவதாக எண்ணிவிட வேண்டா. வரிசை எண்ணும் ஓரமும் செம்மையாக அமைந்து, உள்ளே ஒரு கருத்தும் இல்லாத குறிப்புகளை நாம் போதுமான அளவு கண்டிருக்கிறோம். 'மேலே காண்க', 'ஆணைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்னும் இரு சொற்றொடர்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாதிருக்கும் திறமை நம் இனத்திற்கே உரியது. அலங்காரம் மட்டுமன்று, அடக்கமான வடிவமும் வெறுமையை மறைக்க வல்லது.

இனித் தமிழ் எழுத்துக்கு வருவோம். தோற்றம் பற்றிய வினா ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு ஒருவாறு பொழுதுபோக்கு எனலாம். தமிழில் எழுதுவோர்க்கு அவ்வாறு அன்று. 1990-களில் கணினியில் தமிழ் எழுதியவர்கள் நினைவுகூர்வார்கள். ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதில் உரோமன் எழுத்தும் விசித்திரக் குறிகளும் கலந்த குப்பை தெரியும். உடையைக் கழற்றினால் உடலே காணாமற் போன காலம் அது! 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு குறியீட்டு முறைகளையும் விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் 'க' என்பது எந்த உருவில் தோன்றினும் 'க' என்றே உள்ளே பதிந்திருக்கும். உடலும் உடையும் அங்கே பிரிந்தன.

உருவம் மாறியும் எழுத்து மாறாது நிற்பதை அதற்கு முன்பே தமிழர் கண்டிருக்கின்றனர். 1935-இல் பெரியார் தம் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளுட் சிலவற்றை 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்றது. அதற்குமுன் துதிக்கை தூக்கிய 'லை'யையும் 'னை'யையும் எழுதிப் பழகிய கைகள் பல இன்றும் நம் வீடுகளில் உள்ளன. அவர்கள் எழுதிய கடிதங்களை இன்றைய பிள்ளைகள் முதலில் திகைத்துப் பின் படித்துவிடுகின்றனர்.

ஆனால் குறிப்புச் செயலிகளின் தோற்றங்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தை மனத்தில் கொண்டே வரையப்படுகின்றன. வரிகள் நெருங்கி நிற்கும். 'கீ', 'நீ' என்பவற்றின் மேற்சுழியும் 'கூ', 'நூ' என்பவற்றின் கீழ்வளைவும் ஒன்றோடொன்று முட்டும். சாய்வெழுத்து என்னும் மரபு தமிழுக்கு இல்லை. இயந்திரம் அதனைத் தள்ளிச் சாய்க்கிறது, சாய்ந்த எழுத்து காற்றில் அகப்பட்ட கொடிபோல் தள்ளாடுகிறது. முகப்பெழுத்து என ஒன்று தமிழில் இல்லாததால், எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கித் தலைப்பை உணர்த்தும் உத்தி நமக்குப் பயன்படாது. எனவே தமிழில் குறிப்பெழுதுவோன் வரி இடைவெளியைக் கூட்டுவதும், எழுத்தைப் பெரிதாக்குவதும், நல்ல எழுத்துருவைத் தேடிப் பொருத்துவதும் அலங்காரம் ஆகா. தாய்மொழி தெளிவாகத் தெரிய வேண்டும் என்னும் குறைந்த அளவு உரிமையையே அவன் கேட்கிறான்.

செயலி மாறும்போது இவ்வேறுபாடு நன்கு புலப்படும். ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குக் குறிப்பைக் கொண்டு செல்கையில் வண்ணமும் பின்னணிப் படமும் பெரும்பாலும் உடன் வருவதில்லை, எழுத்து வந்துவிடுகிறது. 2004-இல் சான் குரூபர் என்பவர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் எழுதுமுறை இதனை நன்கு உணர்ந்த ஒன்று. தடித்துத் தோன்ற வேண்டிய சொல்லின் இருபுறமும் இவ்விரண்டு உடுக்குறிகளை இட்டுவிட்டால் போதும். செயலி அதனைத் தடித்துக் காட்டும். செயலியே மறைந்தொழிந்தாலும் உடுக்குறிகள் நின்று, இச்சொல் முதன்மையானது என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னவை எளியவை. கடினமான வினா நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கென்றே காத்திருக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்த் தந்தை ஒருவரின் கைப்பேசிக் குறிப்புகளைத் திறந்து பாருங்கள். தாம் உண்ணும் மருந்துகள்; ஊர் நிலத்தின் பட்டா எண்; குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழி, எந்த நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்க வேண்டும் என்பது; எந்தச் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன மொய் எழுதினார் என்பது. எல்லாம் தமிழில். அவர் மகன் இந்தியும் ஆங்கிலமும் நன்கு படிப்பான், தமிழ் பேசுவான், தமிழ் படிக்க மாட்டான். யாரும் படிக்காத ஏடு என்றோமே, அவ்வேட்டைப் படிக்க வேண்டியவன் ஒருவன் வீட்டிலேயே இருக்கிறான். அவனால் படிக்க இயலவில்லை என்பதுதான் செய்தி.

அப்படியாயின் அக்குறிப்பின் தோற்றத்தை அவனுக்காக மாற்றலாமே என்று தோன்றும். உரோமன் எழுத்தில் தமிழை எழுதுவது இன்று பரவிவிட்ட பழக்கம். எழுத்து வெறும் உடைதான் என்றால், இதுவும் ஓர் உடை மாற்றம்தானே? இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும். நாள்தோறும் கையாளும் அவ்வெழுத்தில் 'கொடி'யும் 'கோடி'யும் ஒன்று. 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்று. 'கரி'யும் 'கறி'யும் ஒன்று. தேவநாகரியிலும் இந்தி படித்த பிள்ளைக்கு எகர ஒகரக் குறில்கள் இல்லை. ழகரத்துக்கு அவன் பள்ளியில் கற்ற எழுத்து இல்லை. இந்த மாற்றத்தில் சதையும் கொஞ்சம் கிழிகிறது. வண்ணமும் எழுத்துருவும் உடை என்றால், எழுத்து மொழியின் தோல்.

அதற்காக மருந்துப் பட்டியலையும் தமிழிலேயே வைத்திருப்போம் என்று பிடிவாதம் பிடிப்பது மொழிப்பற்று ஆகாது என்பது நம் துணிபு. நள்ளிரவில் தந்தைக்கு நெஞ்சு வலி வந்தால் மருத்துவரிடம் அக்குறிப்பை நீட்டப் போகிறவன் மகன். அவனுக்கு எது உடனே விளங்குமோ அவ்வெழுத்தில், பெரியதாய், வேறெதுவும் கலவாமல், குறிப்புகளின் உச்சியில் அது இருக்க வேண்டும். குருதி வகை, ஒவ்வாத மருந்து, காப்பீட்டு எண் ஆகியவையும் அவ்வாறே. இதில் தமிழுக்கு இழுக்கு ஒன்றுமில்லை. குலதெய்வக் கோயிலின் வழியையும் உறவுமுறைகளையும் அவ்வாறு மாற்றிவிடச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவற்றைத் தமிழிலேயே வைத்து, வரிகளை நன்கு அகற்றி, சொற்களுக்கிடையே தாராளமாய் இடம் விட்டு, நெடிய தொடர்களை ஒடித்து, தட்டுத் தடுமாறிப் படிப்பவனுக்கும் இடறாதபடி அமைத்துத் தரலாம். தமிழ்ச் சங்க வகுப்பில் சில மாதம் எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைக்கு நெருக்கி அடித்த பத்தி ஒரு மதில்; அதையே வரி வரியாகப் பிரித்து வைத்தால் படிக்கட்டு. மகன் ஏறுவானா என்பது வேறு வினா. ஏறாமற் போகலாம். மகன் படிக்காதபோது குறிப்பைப் படிக்கும்படி வைப்பது வீண் என்று சொல்வோர்க்கு நம்மிடம் வலுவான மறுமொழி இல்லை. பதிவறைக் கோப்புகளிலும் பெரும்பாலானவற்றை எவரும் மீண்டும் எடுப்பதில்லை என்பதும், அதற்காக எவரும் ஓரம் விடாமல் எழுதுவதில்லை என்பதும் மட்டுமே நாம் அறிந்தவை.

தில்லியில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி ஆவக்காய் ஊறுகாய்க் குறிப்பைக் கைப்பேசியில் ஏற்றினாள். தமிழ் தட்டச்சு அவளுக்குப் புதிது. ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. கரும்பின்னணியில் வெள்ளெழுத்து வைத்தாள். பாட்டியின் கண்ணுக்கு அது கூசவே வெண்மையாக்கினாள். 'ஆழாக்கு' என்ற இடத்தில் கிராம் கணக்குப் போடலாமா என்று கேட்டாள். ஆழாக்கு ஆழாக்காகவே இருக்கட்டும், கீழே வேண்டுமானால் உன் கணக்கை எழுதிக்கொள் என்றார் பாட்டி. எல்லாம் முடிந்து, ஓரத்தில் மாங்காய்ப் படம் ஒன்றை வைத்துக் காட்டியபோது பாட்டி மகிழ்ந்தார். பிறகு ஒரே ஒரு சொல்லை மட்டும் இன்னும் கறுப்பாக, தடிப்பாகச் செய்ய முடியுமா என்று கேட்டார். சென்ற ஆண்டு அவர் ஊரில் இல்லாதபோது அவ்வீட்டில் ஊறுகாய்க்குக் கடுகெண்ணெய் ஊற்றிவிட்டார்கள். 'நல்லெண்ணெய்' என்னும் சொல் அக்குறிப்பில் இப்போது தடித்த எழுத்தில் இருக்கிறது.